கீழாநெல்லி கேட்காத மஞ்சள்

ஜூன் 10, திங்கள்

சாரல் வந்துவிட்டது. இனி மொட்டைமாடிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் தூக்க வேண்டாம். முடக்கத்தான் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எதிர்வீட்டு டிஷ் கம்பியில் ஏறிவிட்டது. எதிர்வீட்டுக்காரி டிவியில் படம் தெரியவில்லை என்று சண்டைக்கு வந்தாள். ஒரு கட்டு முடக்கத்தானைப் பறித்துக் கையில் கொடுத்து, தோசை மாவில் அரைத்து ஊற்று, முட்டுவலி கேட்கும் என்றேன். வந்த காரியத்தை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்த டைரி சூப் குடிக்க வரும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது. ஜனவரியிலிருந்து அரிசி டப்பா மேல் சும்மா கிடந்தது. எந்தச் செடியை எப்போது வைத்தேன் என்பது இப்போதெல்லாம் மறந்து போகிறது. அதற்காக எழுதுகிறேன்.

காலையில் ஆட்கள் நடக்க வரும் மைதானத்தில் இன்று தூதுவளை சூப் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்தது. சாரல் விழுந்தால் தென்காசியில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டும். எங்கள் வண்டியில் செடி வளர்ப்பதும் சூப் வைப்பதும் என் வேலை. பேசுவது என் வீட்டுக்காரர் வேலை. நடக்கிறவர்களை ஒருத்தர் விடாமல் கூப்பிட்டு நிறுத்துவார். "வாங்க சார், நேத்து நம்ம பிரண்டை சூப்பு குடிச்சவரு இன்னைக்கு எப்படி ஓடுதாரு பாருங்க, குத்தாலநாதர் மேல சத்தியமா!" அந்த மனிதர் நாய் துரத்தி ஓடினார். இவர் வாயில் பொய் வந்தால் கூடவே ஒரு சாமியும் வந்துவிடும். உண்மை பேசும்போது சாமியைத் தொந்தரவு செய்ய மாட்டார். கல்யாணம் ஆன நாள் முதலாய்ப் பார்க்கிறேன்.

ஜூன் 14

ஆலங்குளத்திலிருந்து ஒரு பெண் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள். "யக்கா, ஒங்க கைராசிக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்" என்றாள். ரத்தம் பார்த்த சீட்டு எங்கே என்று கேட்டேன். இல்லை என்றாள். பார்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சூப்புக்குத்தான் காசு. காமாலைக்குக் கொடுக்கும் கீழாநெல்லிக்கு ஒரு பைசா வாங்க மாட்டேன், வாங்கவும் கூடாது. வேரோடு பிடுங்கி, கழுவி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பேன். உப்பு, புளி, எண்ணெய் தள்ளிவைக்க வேண்டும். எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் சீட்டு இல்லாமல் ஒரு இலை கிள்ள மாட்டேன். அரசாங்க சித்த வைத்திய சாலையில் இருந்த டாக்டரம்மா முன்பு ஒருநாள் சூப் குடித்துக்கொண்டே சொன்னாள்: "கல்லு அடைச்சாலும் கண்ணு மஞ்சளாத்தான் ஆகும், கட்டி அடைச்சாலும் மஞ்சளாத்தான் ஆகும். அதுக்கெல்லாம் கீழாநெல்லி கேக்காதும்மா. நீங்க பத்தியம் போட்டு உக்கார வச்சிருந்தா அந்த ஆளுக்கு நாளுதான் போகும்." அன்றைக்குப் பிடித்தது அந்தச் சட்டம். பெரிய மனிதரோ சின்ன மனிதரோ, சீட்டு வேண்டும்.

ஜூன் 15

ஆலங்குளத்துப் பெண் சீட்டோடு வந்தாள். சாதாரணக் காமாலைதான். மருந்து கொடுத்தேன்.

ஜூன் 23

வல்லாரை பதியன் போட்டேன். பழைய வாஷ்பேசின் ஓட்டையாகிக் கிடந்தது, அதில் மண் நிரப்பி வைத்தாயிற்று. ஈரம் நிற்கிற இடம்தான் அதற்கு வேண்டும்.

அவருக்கு முதுகு வலி. சூப் டிரம்மைத் தூக்கியதில் பிடித்துவிட்டது என்கிறார். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய்த்துவிட்டேன். சாப்பாட்டையும் பாதியில் தள்ளிவைக்கிறார். மீன்குழம்பை வைத்துக்கொண்டு யோசிக்கிற ஆளா இவர்?

ஜூலை 2

பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். மைதானத்தில் எல்லோரும் என்ன அண்ணாச்சி ஒல்லியாகிவிட்டீர் என்று கேட்கிறார்கள். இவருக்கு வாய் சும்மா இருக்குமா? "எல்லாம் நம்ம ஆவாரம்பூ சூப்புதான் மாமா. ஒலகம்மை மேல சத்தியமா!" ஆவாரம்பூ சூப் இன்று முதலில் தீர்ந்தது. நானும் சிரித்தேன்.

முதுகு வலி குறையவில்லை.

ஜூலை 9

அவர் கண்ணில் மஞ்சள்.

பல் தேய்த்துக்கொண்டு நின்றவரின் முகத்தில் வெயில் பட்டபோது பார்த்தேன். அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்திக் கீழ் இமையை இழுத்துக் காட்டினேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினார். பிறகு, "சரி, டாக்டர் வீட்டுலயே இருக்கும்போது எனக்கென்ன" என்றார்.

ரத்தம் பார்த்துவிடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏட்டி, லேப் வச்சிருக்கவரு தெனம் நம்மகிட்டதான் சூப்பு குடிக்காரு. நான் அங்க போய்க் கையை நீட்டுனா பொழுது சாயுறதுக்குள்ள மைதானம் பூராவும் தெரிஞ்சிரும். மூலிகை சூப்பு விக்கவனுக்கே காமாலையாம்னு சிரிக்க மாட்டானுவளா? சூப்புக்காரன் லேப் வாசல்ல நின்னா பொறவு எவன் நம்மகிட்ட குடிப்பான்? சவத்த விடு, நீ அரைச்சிக் குடு."

அவர் சொல்வதும் சரிதான். எனக்குத் தெரியாத உடம்பா அது? சீட்டு வேண்டியதெல்லாம் ஊரார் உடம்புக்கு.

ஜூலை 10

விடியும் முன் மாடிக்குப் போய்க் கீழாநெல்லி பிடுங்கினேன். சாரலில் நன்றாகச் செழித்திருக்கிறது. இலைக்கு அடியில் வரிசையாகக் காய். திப்பி இல்லாமல் மை போல அரைத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "பிரமாதம், வண்டியில வைக்கலாம்" என்றார்.

ஜூலை 15

பத்தியம். பாசிப்பயறுக் கஞ்சி, உப்பில்லாத கரிசலாங்கண்ணிக் கீரை, மோர். "ஜெயில்ல கூட உப்பு போடுவான் வடிவு" என்கிறார். மற்றவர்கள் வீட்டில் பத்தியம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நம் வீட்டில் அதைச் சமைப்பதும், அந்த முகம் தின்பதைப் பார்ப்பதும் வேறாக இருக்கிறது. நானும் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன்.

வண்டிக்கு வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். "என்ன அண்ணாச்சி, சினிமாவுல சேந்துட்டீரா?" என்று கேட்டதற்குக் கண் நோவு என்று சொல்லித் தொலைத்தார். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பாதிப் பேர் வரவில்லை. இரண்டு டிரம் சூப்பைத் திருப்பிக் கொண்டுவந்தோம். காமாலை என்றே சொல்லியிருக்கலாம் போலிருக்கிறது.

ஜூலை 19

உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து கையில் ரத்தக் கோடு. வேப்பிலையும் மஞ்சளும் கொதிக்கவைத்துக் குளிப்பாட்டினேன். பித்தம் வெளியேறும்போது அரிக்கும். அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 24

திருப்பூரிலிருந்து மகள் ஈஸ்வரி வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பா ஏன் ஒரு மாதிரி மஞ்சளா தெரியுதாங்க?" என்றாள். "புது பல்பும்மா, குத்தாலநாதர் மேல சத்தியமா" என்றார் அவர். அவள் என்னிடம் கேட்டாள். பல்புதான் என்றேன்.

வல்லாரை வேர் பிடித்துவிட்டது.

ஜூலை 28

மலம் சுண்ணாம்பு நிறத்தில் போகிறது என்றார். மோரும் கஞ்சியுமாகக் குடித்தால் வேறு எப்படிப் போகும்?

கீழாநெல்லியின் அளவைக் கூட்டினேன். மோருக்குப் பதிலாக ஆட்டுப்பாலில் கொடுக்கிறேன்.

ஜூலை 31

லேப் இருக்கும் தெரு வழியாகத்தான் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது.

ஆகஸ்ட் 1

இன்று திறந்திருந்தது. எனக்குச் சீரகம் வாங்க நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் செய்யவில்லை. அவர் தின்னாத புளிச்சோற்றை நான் யாருக்காகக் கிண்டுவது?

வண்டிக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார். கூப்பிட்டு நிறுத்துவதெல்லாம் குறைந்துவிட்டது. சாதாரணக் காமாலை இதற்குள் இறங்கியிருக்கும். சிலருக்கு லேட்டாகத்தான் இறங்கும். ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி.

ஆகஸ்ட் 8

ஈஸ்வரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாள். அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"எம்மா, சீட்டு எங்க?"

நான் முந்தானையில் கையைத் துடைத்தேன்.

"ஊரெல்லாம் சீட்டு கேப்பியே. ஆலங்குளத்துக்காரிய அவ்வளவு தூரம் திருப்பி அனுப்புன கதைய எங்கிட்ட பெருமையா சொன்னியே. அப்பா சீட்டு எங்கம்மா?"

அவர் குறுக்கே வந்தார். "நான்தாம்மா வேண்டாம்னேன். அவ கேக்கத்தான் செஞ்சா."

"அப்பா வேண்டாம்னா விட்ருவியா? வேற எவனாவது வேண்டாம்னா நீ மருந்து குடுப்பியாம்மா?"

பெற்ற பிள்ளை அப்படிக் கேட்டதும் அடுப்படிக்குள் போய் நின்றேன். அம்மியில் நாளைக்கு வைத்திருந்த கீழாநெல்லி கிடந்தது.

ஆகஸ்ட் 9

ரத்தம் எடுத்தார்கள். லேப்காரர் சீட்டைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "மதினி, இது சும்மா காமாலை இல்ல. அடைப்பு மாதிரி இருக்கு. இன்னைக்கே ஸ்கேனுக்குப் போயிருங்க" என்றார். ஸ்கேனுக்கும் போனோம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி. கணையத்தில் கட்டி. அது பித்தக்குழாயை நெரித்துக்கொண்டிருக்கிறது. ஈரலிலும் பரவிவிட்டது.

எழுதிவிட்டேன். வேறென்ன எழுத.

ஆகஸ்ட் 14

அடைத்த குழாயில் சின்னதாக ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் இறங்கிவிடும், அரிப்பு நின்றுவிடும் என்றார் டாக்டர். கட்டி இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆபரேஷன் பண்ண முடியாது.

என்னை இளநீர் வாங்க அனுப்பிவிட்டு அவர் டாக்டரிடம் ஏதோ கேட்டிருக்கிறார். நான் திரும்பி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வடிவு, நான் கேட்டுட்டேன். எப்ப வந்திருந்தாலும் இதேதானாம். முன்னாடி வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதாம். டாக்டரே சொல்லிட்டாரு. குத்தாலநாதர் மேல சத்தியமா."

இளநீரை வெட்டித் தம்ளரில் ஊற்றினேன். பாதி தரையில் போயிற்று.

ஆகஸ்ட் 21

வீட்டுக்கு வந்துவிட்டோம். கண் வெளுத்துவிட்டது. என் கையால் நாளெல்லாம் அரைத்துக் கொடுத்து இறங்காத மஞ்சள், ஒரு சின்னக் குழாயில் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. உப்பு போட்டுச் சமைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். "ருசின்னா இதுதாம்ட்டி" என்றார். நான் மாடிக்குப் போய் அழுதேன். அங்கே கீழாநெல்லி சாரலுக்கு நெருக்கி முளைத்திருந்தது. கோபத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். செடியிடம் என்ன கோபம்? அது கேட்கிற நோய்க்கு அது கேட்கும். பிடுங்கிக்கொண்டு வந்தவள் நான்.

ஈஸ்வரி என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

ஆகஸ்ட் 29

வண்டிக்கு வருவேன் என்று அடம்பிடித்து வந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை. மைதானமே கூடிவிட்டது. "அண்ணாச்சி, காமாலைன்னு கேள்விப்பட்டோம், எப்படி எறங்குச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை அகல விரித்து எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்துக்கிடுங்க. எப்படி இருந்த கண்ணு! எல்லாம் வடிவு கையி. ஒரே கீழாநெல்லி. ஒலகம்மை மேல சத்தியமா!"

வீட்டுக்கு வந்து ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் இருக்கப்போறது கொஞ்ச நாளு. நீ இதே மைதானத்துலதான வண்டி போடணும். சொந்தப் புருசனையே கரையேத்தத் தெரியாதவன்னு ஒருத்தி நாக்குல உன் பேரு வரக்கூடாது" என்றார். இதில் சாமி இல்லை.

அந்தப் பொய் எனக்கு வேண்டியிருந்தது.

செப்டம்பர் 7

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்து வண்டியில் எல்லோருக்கும் கொடுத்தோம். கூட்டம் தாங்கவில்லை. சுரண்டை, கடையம், செங்கோட்டை என்று எங்கெங்கிருந்தோ காமாலைக்காரர்கள் வருகிறார்கள். சீட்டு கேட்டுத்தான் கொடுக்கிறேன். சிலர் சண்டை போடுகிறார்கள். "ஒங்க வீட்டுக்காரருக்கு சீட்டு பாத்தா குடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார்.

செப்டம்பர் 12

அவர் கொஞ்சம் பிரண்டைத் துவையல் சாப்பிட்டார். முதுகு வலிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைத் தின்றால் தூங்கிவிடுகிறார். தூங்கும்போது பேசாத மனிதரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று நடந்ததை முழுதாக எழுதவேண்டும்.

விடிந்து வெயில் ஏறுகிற நேரம். சுரண்டையிலிருந்து முப்பிடாதி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஆள் மஞ்சளாய் இருக்கிறார். முந்தின நாள் குளிர்காய்ச்சல் அடித்ததாம். நின்ற இடத்திலேயே முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் சீட்டு எங்கே என்றேன்.

"இல்லக்கா. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. இன்னைக்குத்தான் எடுக்கணும். அதுக்குள்ள ஒங்க வீட்டு அண்ணாச்சி கதைய பஸ்ஸுல ஒருத்தங்க சொன்னாங்க. அப்படியே எறங்கி இங்கன வந்துட்டோம். ஒங்க கையி பட்டாப் போதும்க்கா."

ஸ்கேனுக்குப் போய்விட்டு வா என்றேன். அவள் நம்பவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இவரிடம் போனாள். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு கீழாநெல்லியில தான எறங்குச்சு?"

சுற்றி வழக்கமான ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். லேப்காரரும் கையில் தம்ளரோடு நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். வாய் திறக்கவில்லை. இவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். வாயில் தானாகவே வந்துவிட்டது.

"ஆமாம்மா. வடிவு கையிதான். குத்தாலநாதர் மேல..."

"போதும்" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. நடந்துகொண்டிருந்தவர்கள் கூட நின்றுவிட்டார்கள்.

"முப்பிடாதி, இங்க பாரு. இவுகளுக்கு என் கீழாநெல்லி கேக்கல. உள்ள கட்டி. ஆஸ்பத்திரியில கொழாய் வச்சித்தான் மஞ்சள் எறங்குச்சு. நான் சீட்டு பாக்காம அரைச்சி அரைச்சி ஊத்தி நாளக் கடத்திட்டேன். இவுக பொழைக்கமாட்டாக. நான் செஞ்சது நீ செய்யாத. பஸ்ஸப் புடி, ஸ்கேனுக்குப் போ."

"ஏன்க்கா, மருந்து குடுக்க மனசில்லைன்னா இப்படியா சொல்லுவீங்க?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இவர் முன்னால் நிறுத்தினேன். இவர் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். விலா எலும்பு எண்ணலாம். "பாத்துக்கோ. கேட்ட ஒடம்பா இது?"

அவள் புருஷன்தான் முதலில் நகர்ந்தார். "வா போவோம்" என்றார். போய்விட்டார்கள். சில பேர் பாதித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள்.

இவர் சட்டையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். பட்டனைப் போட முடியவில்லை. நான் போடப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

செப்டம்பர் 20

பேசவில்லை. ஊரையே பேசிக் கூப்பிட்ட மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருக்கிறார். ஈஸ்வரியிடம்கூடப் பேசவில்லை. ஈஸ்வரி என்னருகே வந்து உட்கார்ந்தாள். தூதுவளை முள்ளெல்லாம் கிள்ளிக் கொடுத்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு "எம்மா, நீ சாப்பிட்டியா?" என்றாள்.

செப்டம்பர் 22

மத்தியானம் அவரே பேசினார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"பொழைக்கமாட்டேன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டியே."

"சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா உன் வாயால கேட்டதில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கோங்க என்று சொல்ல வாய் வரவில்லை. எதற்கென்று கேட்பது, அரைத்துக் கொடுத்ததற்கா, சட்டையைத் தூக்கியதற்கா?

"நீ செஞ்சது சரிதான் வடிவு" என்றார். நான் காத்துக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியும் வரவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கண்ணாடியில பாத்தன்னைக்கே எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் லேபு வேண்டாம்னேன், மைதானத்துக்காரனுக்குப் பயந்து இல்ல. ஒனக்கும் பயமா இருந்துச்சு, என்ன?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அன்றைக்கே இருந்தது. பல் தேய்க்கிற இடத்தில் வைத்தே டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. லேப் திறந்திருந்த அன்று நான் சீரகமே வாங்கவில்லை. வீட்டில் டப்பா நிறைய இருந்தது.

அக்டோபர் 6

கூட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. "புருசனைக் காப்பாத்த முடியாதவ சூப்பு" என்று ஒருவர் சொன்னதாக இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்து சொன்னார். அவர் மட்டும் தினமும் இரண்டு தம்ளர் குடிக்கிறார், பாவம், முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கிறார்.

இனி ஈஸ்வரி வண்டியைப் பார்த்துக்கொள்வாள். எனக்கு இவரை விட்டுவிட்டுப் போக மனசில்லை.

அக்டோபர் 15

என்ன வேண்டும் என்று கேட்டேன். கொத்தமல்லித் துவையல் என்றார். புளியும் உப்பும் தூக்கலாக, பச்சைமிளகாய் காரமாக, அம்மியில் அரைத்துக் கொடுத்தேன். நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்தார். அதற்குமேல் முடியவில்லை. "மணம் போதும்ட்டி, பக்கத்துல வச்சிரு" என்றார். சாயந்திரம் வரைக்கும் கிண்ணம் தலையணை ஓரத்திலேயே இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

காலையில் போய்விட்டார்.

நவம்பர் 17

மாடிக்கு ஏறினேன். எதுவும் தண்ணீர் கேட்கவில்லை, மழைதான் ஊற்றுகிறதே. முடக்கத்தான் மறுபடி எதிர்வீட்டுக் கம்பியில் ஏறியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வரவில்லை. வந்திருக்கலாம். பிடுங்கி எறிந்த இடத்தில் கீழாநெல்லி முளைத்துவிட்டது.

இவர் சட்டைகளை எடுத்து யாருக்காவது கொடுக்கலாம் என்றாள் ஈஸ்வரி. இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 25

ஈஸ்வரி திருப்பூருக்குப் போய்விட்டாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறதல்லவா? என்னையும் கூப்பிட்டாள். செடியை யார் பார்ப்பது என்றேன். பஸ் ஏறும்போது கட்டிக்கொண்டு, "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றாள். கேட்டது சரிதான், நான்தான் முதல் நாளே என்னைக் கேட்டிருக்க வேண்டும் என்றேன்.

நவம்பர் 28

நானே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். டிரம்மைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன். என்னைத் தாண்டி எல்லோரும் நடக்கிறார்கள். "வாங்க சார்" என்று கூப்பிட வேண்டும். இத்தனை வருசத்தில் ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. சூப் ஆறிவிட்டது.

டிசம்பர் 5, வியாழன்

தூதுவளை சூப். குளிர் இருப்பதால் நாலைந்து பேர் தானாக வந்தார்கள். லேப்காரர் வந்தார். என்னைப் பார்த்துப் பேசுகிறார் இப்போது.

அவர் போனபின் முப்பிடாதி வந்தாள். முதலில் எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்ததால் தெரிந்துகொண்டேன். அவருக்குப் பித்தக்குழாயில் கல்லாம். இங்கிருந்து நேராக ஸ்கேனுக்குத்தான் போனார்களாம். வாய் வழியாகவே குழாய் விட்டு எடுத்துவிட்டார்களாம். "இன்னும் நாலஞ்சு நாளு விட்டிருந்தா உள்ள சீழ் புடிச்சிருக்கும்னு டாக்டரு சொன்னாருக்கா" என்றாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒங்களால எங்க வீட்டு வெளக்கு எரியுதுக்கா" என்றாள்.

அவள் புருஷனுக்கு அன்றைய காய்ச்சலில் நான் சொன்னது எதுவும் நினைவில்லை போலிருக்கிறது. நல்ல மனிதர். ஸ்டூலைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி எங்கக்கா, இன்னைக்கு வரலியா?" என்று கேட்டார். முப்பிடாதி அவர் தொடையில் இடித்தாள். அவர் முகம் சிறுத்துப் போயிற்று. ஒன்றும் இல்லை, குடிங்க என்று தம்ளரை நிறைத்துக் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார். இரண்டாவது தம்ளரும் கேட்டார். கொடுக்கும்போது முகத்துக்கு நேராகப் பார்த்தேன். கண் சுத்தமாக இருந்தது, ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

சந்தோஷப்பட வேண்டும். படவும் செய்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இருவரும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனபோது, அவள் அவருக்குக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து பொறாமையாக இருந்தது. அவள் என் பேச்சைக் கேட்டாள். நான் என் பேச்சைக் கேட்கவில்லை.